வெல்டிங் மெஷினுக்கு ஒரு பிளக் பாயிண்ட்

அமெரிக்காவில் வெல்டிங் மெஷின் வாங்குவது சுலபம். சிறு நகரத்துக் கருவிக் கடையில்கூட அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டுக் கராஜில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் கேள்வி எழுகிறது: இதை எங்கே செருகுவது? கராஜ் சுவரில் இருப்பவை 120 வோல்ட் சாக்கெட்டுகள். மெஷினின் ஒயர் நுனியில் இருப்பதோ இரண்டு தடித்த தகடுகளும் ஓர் எர்த் முள்ளும் கொண்ட பெரிய பிளக். ‘நீமா 6-50’ என்பது அதன் பெயர். 250 வோல்ட், 50 ஆம்பியர் அதன் வரம்பு. அதற்குப் பொருந்தும் சாக்கெட் பெரும்பாலான வீடுகளில் இல்லை. புதிதாக ஒன்று வைத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இது விசித்திரமாகப் படலாம். இங்கே ஃபேன் ஓடுவதே 230 வோல்ட்டில்தான். வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் வைக்கிற 16 ஆம்பியர் சாக்கெட்டில் 3,600 வாட்டுக்கு மேல் எடுக்கலாம். அமெரிக்க வீட்டின் 20 ஆம்பியர் சாக்கெட்டில் கிடைப்பது 2,400 வாட். கால் அங்குல இரும்பை ஆழமாகப் பற்றவைக்க அது போதாது. 240 வோல்ட், 50 ஆம்பியர் என்றால் 12,000 வாட். ஒரே தாவலில் ஐந்து மடங்கு. அந்த ஊர்ப் பேச்சில் இதை உயர் மின்னழுத்தச் சாக்கெட் என்கிறார்கள். உண்மையில் அந்த வீட்டுக்குள் 240 வோல்ட் ஏற்கெனவே வந்து நிற்கிறது. அதைச் சுவரின் சரியான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை.

எப்படி வந்து நிற்கிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. 1882-இல் தாமஸ் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது, அவருடைய பல்புகளுக்கு ஏற்றது சுமார் 110 வோல்ட் நேர்மின்சாரம். அழுத்தம் குறைவு என்பதால் அதே வெளிச்சத்துக்கு அதிக ஆம்பியர் தேவைப்பட்டது. அதிக ஆம்பியருக்குத் தடித்த செம்பு தேவைப்பட்டது. செம்பின் செலவு தொழிலையே விழுங்கும் நிலை. அதற்கு எடிசன் கண்ட வழி மூன்று ஒயர் முறை. நடுவில் ஒரு நியூட்ரல், இருபக்கமும் எதிரெதிர் அழுத்தத்தில் இரு ஒயர்கள். பல்பு நடு ஒயருக்கும் ஓர ஒயருக்கும் இடையே எரியும். மின்சாரம் தெருவைக் கடப்பது இரட்டிப்பு அழுத்தத்தில். செம்பில் 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம். 1883 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவின் சன்பரி நகரில் இந்த முறை முதன்முதலாக இயங்கியது.

பெர்லின் 1899-இல் 220 வோல்ட்டுக்கு மாறியது. ஐரோப்பாவும் பின்னர் இந்தியாவும் அந்த வழியில் போயின. அமெரிக்காவில் அதற்குள் லட்சக்கணக்கான பல்புகள் 110 வோல்ட்டுக்குப் பழகிவிட்டன. நேர்மின்சாரம் போய் மாறுமின்சாரம் வந்த பிறகும் எடிசனின் மூன்று ஒயர் ஏற்பாடு மாறவில்லை. தெருக் கம்பத்து டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுச் சுருளை நடுவில் பிரித்து, அந்த நடுப்புள்ளியை நியூட்ரலாக்கி எர்த் செய்திருக்கிறார்கள். இரு ஓரங்களில் எதைத் தொட்டாலும் எர்த்துக்கு 120 வோல்ட். ஓரத்துக்கு ஓரம் 240. நியூஜெர்சியில் எடிசன் ஆய்வகம் இருந்த மென்லோ பார்க் பகுதியை உள்ளடக்கிய ஊர் 1954 முதல் எடிசன் என்றே அழைக்கப்படுகிறது. இன்று அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேனலிலும் அவருடைய அந்த மூன்று ஒயர்கள்தான் வந்து இறங்குகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் 240 வோல்ட் சாக்கெட்டில் ஓர் உயிருள்ள ஒயர் மட்டும் உடம்பில் பட்டு, கால் தரையில் இருந்தால் தாக்குவது 120 வோல்ட். நம் ஊர்ச் சாதாரண சாக்கெட்டில் அதே விபத்தில் தாக்குவது 230. ஆகவே 240 என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட, 50 ஆம்பியர் என்ற எண்ணுக்கு மரியாதை தருவது அவசியம். ஒயரைச் சூடாக்கித் தீப்பிடிக்க வைப்பது ஆம்பியர்.

இனி, மெஷினிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் கராஜ்களில் பல தலைமுறையாக இருக்கும் ஒன்று லிங்கன் நிறுவனத்தின் ஏசி-225. கல்லறைக் கல் போன்ற அதன் வடிவத்தால் ‘டூம்ஸ்டோன்’ என்று பட்டப்பெயர். 225 ஆம்பியர் வரை வெல்டிங் ராடுக்குத் தரும். அப்போது சுவரிலிருந்து 50 ஆம்பியர் இழுக்கும். ஆனால் அதன் டியூட்டி சைக்கிள் 20 சதவீதம்தான். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பற்றவைத்தால் எட்டு நிமிடம் ஓய்வு தர வேண்டும். கையால் ராடு பிடித்து வேலை செய்பவருக்கு இது குறையாகத் தெரியாது. ராடு மாற்றுவது, கசடு தட்டுவது, அடுத்த துண்டைப் பொருத்திப் பார்ப்பது என்று எட்டு நிமிடம் தானாகவே கழிந்துவிடும்.

இந்த ஓய்வுக் கணக்கை வைத்தே அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு வெல்டருக்குத் தனிச்சலுகை தருகிறது. 1897-இல் முதன்முதலாக வெளியான இத்தொகுப்பை 1911 முதல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பேணிவருகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. அதில் 630-ஆம் பிரிவு முழுக்க வெல்டிங் மெஷின்களுக்கானது. ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் மின்சாரம் ஓடுகிறது என்றால், சராசரிச் சூட்டைக் கணக்கிட 0.2-இன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். அது ஏறத்தாழ 0.45. விதித்தொகுப்பின் அட்டவணையில் 20 சதவீதத்துக்கு நேரே இருப்பதும் 0.45தான், 40 சதவீதத்துக்கு 0.63, 60 சதவீதத்துக்கு 0.78. யாரோ மேசையில் உட்கார்ந்து மனம்போனபடி போட்ட எண்கள் அல்ல அவை.

டூம்ஸ்டோனின் 50 ஆம்பியரை 0.45-ஆல் பெருக்கினால் 22.5. அதாவது அந்த மெஷினுக்கான ஒயர் 22.5 ஆம்பியர் தாங்கினால் போதும். அமெரிக்க வீடுகளில் சுவருக்குள் ஓடும் பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளில் 10 கேஜ் செம்பு 30 ஆம்பியர் தாங்கும். நம் கணக்கில் சுமார் 5.3 சதுர மில்லிமீட்டர். அது போதுமானது. பிரேக்கருக்கும் தனி விதி: ஒயரின் திறனைப்போல் இரு மடங்கு வரை போகலாம். ஆகவே 10 கேஜ் ஒயர், அதன் தலையில் 50 ஆம்பியர் பிரேக்கர், மறுமுனையில் 50 ஆம்பியர் சாக்கெட். சாதாரணச் சாக்கெட்டுக்கு இப்படிச் செய்தால் ஆய்வாளர் மறுத்துவிடுவார். வெல்டருக்கு இது முழுக்கச் சட்டப்படி சரி.

சட்டப்படி சரி என்பதற்காக அதைச் செய்யலாமா என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம்.

மெஷின் விற்பனைக்குப் போகும், வீடு கைமாறும், சாக்கெட் சுவரிலேயே இருக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து அந்தக் கராஜுக்குள் வருபவர் கண்ணில் படுவது 50 ஆம்பியர் என்று அச்சிட்ட ஒரு சாக்கெட். பேனலைத் திறந்தால் 50 என்று பொறித்த பிரேக்கர். இரண்டும் ஒத்துப்போகின்றன, சந்தேகப்படக் காரணமே இல்லை. நடுவில் சுவருக்குள் 30 ஆம்பியர் ஒயர் ஓடுகிறது என்பது எங்கும் எழுதியிருக்காது. அவரிடம் இருப்பது மின்சாரக் கார். சந்தையில் விற்கும் வீட்டு சார்ஜர்களில் சில இதே நீமா 6-50 பிளக்குடன் வருகின்றன. டெஸ்லா தன் கையடக்க சார்ஜருக்கு 6-50 அடாப்டரே விற்கிறது. இரவு செருகினால் அது 32 முதல் 40 ஆம்பியர் வரை, இடையில் ஓய்வே இல்லாமல், மணிக்கணக்கில் இழுக்கும். 30 ஆம்பியர் ஒயரில் 40 ஆம்பியர் ஓடினால் சூடு 1.78 மடங்கு. 50 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. தன் வரம்புக்குள் இருக்கும் சுமையை எந்தப் பிரேக்கரும் வெட்டாது.

கார் சார்ஜர்கள் பரவலாகாத காலத்தில் இந்த ஆபத்து ஏட்டளவில் இருந்தது. வெல்டர் சாக்கெட்டில் வெல்டரைத் தவிர வேறு எதையும் யாரும் செருகமாட்டார்கள். இன்று நிலைமை வேறு. எனவே விதித்தொகுப்பின் சலுகையை விலக்கிவிட்டு, முழு 50 ஆம்பியருக்கும் ஒயர் போடுவதே சரி. சுவருக்குள் ஓடும் சாதாரணக் கேபிளாக இருந்தால் 6 கேஜ் செம்பு, ஏறத்தாழ 13 சதுர மில்லிமீட்டர், 55 ஆம்பியர் தாங்குவது. குழாய்க்குள் தனி ஒயர்களாக இழுத்து, இருமுனை இணைப்புகளும் 75 டிகிரிக்கு ஏற்றவையாக இருந்தால் 8 கேஜ் போதும். பத்து பதினைந்து அடி தூரத்துக்கு மெல்லிய ஒயருக்கும் தடித்த ஒயருக்கும் உள்ள விலை வித்தியாசம், ஒரு நல்ல வெல்டிங் ஹெல்மெட்டின் விலைக்குள் அடங்கிவிடும்.

ஒயருக்கு முன்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பேனலில் இரண்டு காலி இடம் இருந்தால் போதும், இரட்டை பிரேக்கரைப் பொருத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காலி இடம் வேறு, தாங்கும் சக்தி வேறு. அமெரிக்கத் தனிவீட்டுக்குக் குறைந்தபட்சம் 100 ஆம்பியர் இணைப்பு வேண்டும் என்பது இன்றைய விதி. புது வீடுகளில் 200 சாதாரணம். பழைய வீடுகளில் 60 ஆம்பியர் ஃபியூஸ் பெட்டிகள் இன்னும் தென்படுகின்றன. 100 ஆம்பியர் வீட்டில் மின் அடுப்பு, துணி உலர்த்தி, வெந்நீர்க் கொதிகலன், மையக் குளிர்சாதனம் எல்லாம் மின்சாரத்தில் ஓடினால், வெல்டருக்கு இடம் இருக்கிறதா என்பதைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இருக்கும் வீடுகளுக்கு ஒரு சுருக்க முறையையும் விதித்தொகுப்பு தருகிறது: மொத்தச் சுமையில் முதல் 8,000 வோல்ட்-ஆம்பியரை முழுதாகவும் மீதியை 40 சதவீதமாகவும் எடுக்கலாம், குளிர்சாதனத்துக்கும் சூடேற்றிக்கும் தனிக்கணக்கு. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடாது என்ற அனுபவத்தில் பிறந்த முறை அது. இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுவிடலாம். அதைப் போடாமல் பிரேக்கர் வாங்கப் போவது தவறு.

தனிச் சாக்கெட்டே வேண்டாம், சலவை அறையில் உலர்த்திக்கு இருக்கும் 30 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. சிறிய மெஷினுக்கு ஆம்பியர் அளவில் அது பொருந்தலாம். சிக்கல் மூன்றாவது முள்ளில். 1996-ஆம் ஆண்டு விதித்தொகுப்புக்கு முன் வைத்த உலர்த்திச் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் மூன்று துளைகள்தான். மூன்றாவது நியூட்ரல், எர்த் இல்லை. அடாப்டர் மெஷினின் இரும்பு உடலை அந்த நியூட்ரலில் இணைக்கிறது. அந்த இணைப்பு எங்கோ தளர்ந்துவிட்டால் மெஷினின் உடலுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 1996-க்குப் பிந்தைய நான்கு துளைச் சாக்கெட்டில் எர்த் தனியாக வருவதால் இந்தக் குறை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உலர்த்தியைக் கழற்றி, நீளமான ஒயரைக் கதவு வழியே இழுத்து, மறுபடி மாட்டுவது நீடிக்கும் ஏற்பாடு அல்ல.

இன்னொரு மாற்று, 120 வோல்ட்டில் ஓடும் சிறிய மிக் மெஷின். 120-இலும் 240-இலும் ஓடும் இன்வெர்ட்டர் மெஷின்களும் வந்துவிட்டன. காரின் தகடு, மெல்லிய குழாய், தோட்டத்துக் கதவு என்று நிறுத்திக்கொள்பவருக்கு 120 போதும். டிரெய்லர் அச்சு, தூண், கால் அங்குலத்துக்கு மேற்பட்ட தகடு என்றால் போதாது. மேற்பரப்பில் அழகாக ஒட்டி, உள்ளே பிடிக்காத பற்று விழும். அது உடையும்போது ஆள் அடிபடுவார். என்ன பற்றவைக்கப் போகிறோம் என்று முடிவு செய்தபிறகு சாக்கெட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

வேலை நடக்கும் விதத்தை நெருங்கிப் பார்க்கலாம். எலெக்ட்ரீஷியன் முதலில் மெயின் பிரேக்கரை அணைக்கிறார். அணைத்த பிறகும் பேனலின் மேல்பகுதியில், மீட்டரிலிருந்து வரும் இரு தடித்த ஒயர்கள் உயிரோடுதான் இருக்கும். அவற்றை நிறுத்தும் பொத்தான் வீட்டுக்குள் இல்லை. அதிகாரம் மின் நிறுவனத்திடம் இருக்கிறது. அனுபவமில்லாதவர் பேனலைத் திறக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். பிறகு கறுப்பு உறை போட்ட 6 கேஜ் கேபிள் சுவருக்குள் வருகிறது. உறையை உரித்தால் ஒரு கறுப்பு ஒயர், ஒரு வெள்ளை ஒயர், உறையில்லாத ஒரு செம்பு ஒயர். 6-50 சாக்கெட்டுக்கு நியூட்ரல் கிடையாது. ஆகவே அந்த வெள்ளையும் உயிருள்ள ஒயர்தான். அமெரிக்காவில் வெள்ளை என்றால் நியூட்ரல் என்று எல்லோருக்கும் பழக்கம். அதனால் அதன் இரு நுனிகளிலும் கறுப்பு அல்லது சிவப்பு டேப்பைச் சுற்ற வேண்டும் என்பது விதி. ஒரு நிமிட வேலை. அதைச் சுற்றாமல் விட்ட பெட்டியைப் பிற்காலத்தில் திறப்பவர், வெள்ளையை நம்பிக் கை வைப்பார்.

6 கேஜ் ஒயர் முரடானது. சிறிய பெட்டிக்குள் வளையாது. ஆழமான பெட்டி வைத்தால்தான் சாக்கெட் சுவரோடு சரியாக உட்காரும். கறுப்பும் டேப் சுற்றிய வெள்ளையும் இரு பித்தளை முனைகளில், வெற்றுச் செம்பு பச்சை முனையில். திருகை எவ்வளவு இறுக்குவது என்பது கையின் தீர்ப்பு அல்ல. தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் கருவியால் இறுக்க வேண்டும் என்று 2017 விதித்தொகுப்பு சொல்கிறது. தளர்ந்த திருகு 40 ஆம்பியரில் கொதிக்கும். மலிவான 50 ஆம்பியர் சாக்கெட்டுகள் கார் சார்ஜரின் இடைவிடாத சுமையில் கருகியதற்குப் பல படங்கள் உண்டு. பெரும்பாலும் கருகியிருப்பது அந்தத் திருகின் பக்கம்தான். சாக்கெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தொழிற்சாலைத் தரத்தில் வாங்க வேண்டும்.

மின்கசிவுப் பாதுகாப்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மனித உடல் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்தவர். 1961-இல் அவர் உருவாக்கிய கருவி, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சுமார் 5 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே வெட்டிவிடும். நம் ஊர் ஆர்சிசிபி வழக்கமாக 30 மில்லி ஆம்பியரில் வெட்டுவது. இது அதைவிட நுட்பமானது. கராஜின் சாதாரண சாக்கெட்டுகளுக்கு 1978-இலேயே இது கட்டாயமானது. 240 வோல்ட் சாக்கெட்டுக்கு விலக்கு இருந்தது. 2020 விதித்தொகுப்பு அந்த விலக்கை நீக்கியது. எனவே அந்தப் பதிப்பை ஏற்ற இடங்களில் புதிய கராஜ் சாக்கெட்டுக்கு மின்கசிவு பிரேக்கர் வேண்டும். சாதாரண பிரேக்கரைவிடப் பல மடங்கு விலை என்பதால் பலரும் முணுமுணுக்கிறார்கள். சில மெஷின்களில் அது காரணமில்லாமல் வெட்டிவிடுகிறது என்ற குறையும் உண்டு. ஈரக் கான்கிரீட் தரையில், இரும்பு மேசைமேல் சாய்ந்து வேலை செய்கிற இடத்தில் அந்த 5 மில்லி ஆம்பியரின் மதிப்பு அதிகம். கொடுக்க வேண்டிய விலைதான்.

ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வெல்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் உள்ளே வரும் மின்சாரத்தையும் ராடுக்குப் போகும் மின்சாரத்தையும் பிரித்துவிடுகிறது. ராடு பிடிக்கும் பக்கத்தில் வேலை நடக்காதபோதும் 80 வோல்ட் வரை நிற்கும். அந்தப் பக்கத்தில் அடிக்கும் ஷாக்கைச் சுவரிலிருக்கும் பிரேக்கர் உணராது. காய்ந்த கையுறையும் காய்ந்த காலணியும் மட்டுமே அங்கே காவல்.

கராஜ் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றால் மண்ணுக்கடியில் ஒயர் கொண்டுபோக வேண்டும்: பிவிசி குழாயில் என்றால் 18 அங்குல ஆழம், நேரடியாகப் புதைக்கும் கேபிள் என்றால் 24 அங்குலம். அவ்வளவு தோண்டுகிறவர் ஒரு சாக்கெட்டோடு நிறுத்தாமல், அங்கேயே துணைப் பேனல் வைத்துவிடுவது மேல். கம்ப்ரசரும் விளக்கும் காரும் பின்னால் வரும். அந்தத் துணைப் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் கட்டாயம் பிரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் தாமே செய்கிற வேலையில் அடிக்கடி பிழையாவது இதுதான்.

அனுமதி பெறுவது ஊருக்கு ஊர் மாறும். பல மாநிலங்களில் தான் குடியிருக்கும் வீட்டில் உரிமையாளரே மின் வேலை செய்யலாம். சில இடங்களில் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். சிகாகோவில் சுவருக்குள் பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கே இடமில்லை. உலோகக் குழாய் வேண்டும். கலிபோர்னியா தேசியத் தொகுப்பைத் தழுவித் தனக்கென ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. எங்கே இருந்தாலும் நகராட்சியில் அனுமதி எடுப்பதும், சுவரை மூடும் முன் ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் காலவிரயம் அல்ல. வேலை செய்தவரைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் அந்த ஒயரைப் பார்க்கும் ஒரே தருணம் அது. வீட்டை விற்கும்போது அந்தக் கோப்புதான் அடுத்தவருக்குச் சாட்சி.

சாக்கெட் தயாரான பின் தீப்பொறியின் கணக்கு ஆரம்பிக்கிறது. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி, பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது என்கிறது. வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் காவல் இருக்கச் சொல்கிறது. இரண்டு கார் நிற்கும் அமெரிக்கக் கராஜின் அகலமே இருபது அடி சொச்சம். அதற்குள் பெட்ரோல் கேன், பெயின்ட் டப்பா, அட்டைப்பெட்டி, புல்வெட்டும் இயந்திரம் எல்லாம் இருக்கும். சாக்கெட்டைப் பெரிய கதவின் அருகே வைத்தால் மெஷினை வெளியே தள்ளி, வாசல் கான்கிரீட்டில் வேலை செய்யலாம். புகையும் வெளியே போகும். பேனலுக்கு அருகில் வைத்தால் ஒயர் மிச்சம் என்று யோசிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கராஜ் சுவரில் ஏற்கெனவே ஒரு 6-50 சாக்கெட் இருந்தால், அதில் காரைச் செருகும் முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, பிரேக்கரில் நுழையும் ஒயர் எத்தனை கேஜ் என்று பார்க்கச் சொல்லுங்கள். 10 அல்லது 12 என்று அவர் சொன்னால், தடித்த ஒயர் மாற்றும்வரை பிரேக்கரை ஒயருக்கு ஏற்ற அளவுக்கு இறக்கச் சொல்லி, சாக்கெட்டின் மேல் ‘வெல்டருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டுங்கள்.